மேனேஜர் வாங்கிய மவுஸ்

சிவகாசி அச்சகம் ஒன்றில் அழைப்பிதழ் வடிவமைத்துக்கொண்டிருந்தாள் சண்முகக்கனி. கம்ப்யூட்டரில் அவளுக்கு விண்டோஸ் ஆகாது, லினக்ஸ்தான் பிடிக்கும். மவுஸைப் பிடிப்பது இடது கையில். அதுவும் வயர் வைத்த பழைய மவுஸ்.

புதிதாக வந்த மேனேஜர் நீலமேகத்தின் கண்ணை இதெல்லாம் உறுத்தியது. முதலாளி அண்ணாச்சியைக் கையோடு கூட்டிவந்து, வயரில்லாத விலை உயர்ந்த மவுஸ் ஒன்றை அவள் முன்னால் வைத்தார்.

"இதை வலது கையில பிடி. இந்தக் காதணி விழா அழைப்பிதழைப் பத்து நிமிஷத்துல முடி. அந்தச் சுவர்க் கடிகாரத்துல மணி பார்ப்பேன். முடியலேன்னா நாளையிலிருந்து விண்டோஸ்தான், வலது கைதான்."

"முடிச்சிட்டா?"

"உன் இஷ்டம்."

"சாப்பிட்டு வாங்க சார், வச்சுக்கலாம்."

நீலமேகமும் அண்ணாச்சியும் சாப்பிட்டு வந்தார்கள். போட்டி தொடங்கியது. சண்முகக்கனியின் வலது கை புது மவுஸைத் தடவிக்கொண்டே இருந்தது. இடது கை மடியில் அடக்கமாக இருந்தது. திரையில் பூவும் மயிலும் இடம் பிடித்தன. ஏழாவது நிமிஷத்தில் வேலை முடிந்தது.

"பாத்தீங்களா அண்ணாச்சி? எல்லாம் நான் வாங்கின மவுஸோட வேகம்" என்று நீலமேகம் நெஞ்சை நிமிர்த்தினார்.

அண்ணாச்சி ஆசையாக அதைக் கையில் எடுத்தார். லேசாக இருந்தது. மூடியைத் திறந்தால் பேட்டரியே இல்லை.

"பேட்டரி எங்கம்மா?"

சண்முகக்கனி மடியிலிருந்த பழைய மவுஸை இடது கையால் எடுத்து மேஜையில் வைத்தாள்.

"கடிகாரத்துல இருக்கு அண்ணாச்சி. அது காலையிலிருந்தே நின்னு கிடந்துச்சு. சார் அதுலதான் மணி பார்ப்பேன்னாரு."

அண்ணாச்சி சிரித்த சிரிப்பில் மெஷின் சத்தமே கேட்கவில்லை. லினக்ஸும் இடது கையும் பிழைத்தன. புது மவுஸ் இன்னும் மேஜையில்தான் இருக்கிறது. கடிகாரம் நன்றாக ஓடுகிறது.