வாசலுக்குப் பஞ்சு விரித்த முயல்

ஆற்றோரத்துக் காடு ஒன்றில் ஒரு பெண் முயல் இருந்தது, குழந்தைகளே. சரியான பிடிவாதக்காரி. ஒன்றை நினைத்துவிட்டால் முடிக்காமல் உட்காராது. குட்டி போடும் நாள் நெருங்கியது, மழைக்காலமும் நெருங்கியது. அதனால் மேட்டில் புதிதாக ஒரு வளை தோண்டியது.

முன்னால் அகலமான வாசல், அடுத்து உள்ளே போக ஒரு நடை, கடைசியில் குட்டிகளுக்கு ஓர் அறை. தரையில் விரிக்க இரண்டு பொருள்கள் சேர்த்து வைத்திருந்தது. ஒன்று, கோடையில் பொறுக்கிய இலவம் பஞ்சு. மற்றது, ஈச்சமரத்தில் உரித்த முரட்டு நார்.

“பஞ்சைக் குட்டிகளுக்குப் போட்டுவிடலாமா?” என்று கேட்டது கணவன் முயல்.

“நன்றாயிருக்கிறது நீங்கள் சொல்வது. நாலு பேர் பார்ப்பது வாசலைத்தானே? உடும்பு வீட்டு வாசலைப் பார்த்து மயில் எப்படி முகம் சுளித்தது, மறந்துவிட்டீர்களா? வாசலிலும் நடையிலும் பஞ்சு போடுவோம். அறைக்குள் யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? குட்டிகளுக்கு நார் போதும்.”

கணவன் முயல் நாரை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனது. மறுத்துப் பேசினால் மட்டும் என்ன நடந்துவிடப் போகிறது?

அந்தக் காட்டில் ஒரு வழக்கம். யார் புது வீடு கட்டினாலும் எல்லோரும் வந்து, வாசலில் வலது காலை வைத்து வாழ்த்திவிட்டுப் போவார்கள். முயல் வீட்டுக்கும் வந்தார்கள். அன்று பார்த்துத் தூறல் வேறு.

“அடடா, மேகத்தில் நிற்கிற மாதிரி இருக்கிறது” என்றது மயில். முயலுக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்து வந்த காட்டுப்பன்றி தயங்கி நின்றது. “என் காலெல்லாம் சேறு, முயலக்கா. துடைக்கக் கரடுமுரடாக ஒன்றும் இல்லையா?”

முயல் பஞ்சைப் பார்த்தது, பன்றியின் காலைப் பார்த்தது. ஆனால் வீடு தேடி வந்தவரை எப்படித் திருப்பி அனுப்புவது? “அதனால் என்ன, வாருங்கள் அண்ணா” என்றது.

பன்றி வந்தது. பின்னாலேயே மான்கள் வந்தன, எருமை வந்தது. எல்லோரும் போன பிறகு பார்த்தால், வாசலில் பஞ்சு எது, சேறு எது என்றே தெரியவில்லை.

மறுநாள் குட்டிகள் பிறந்தன. மயிர்கூட முளைக்காத பச்சைக் குட்டிகள். நார் உறுத்தி அவற்றின் வயிறெல்லாம் சிவந்துவிட்டது. பால் குடிக்காமல் கத்தின. வெளியே மழை வலுத்தது. வாசலில் ஊறிய பஞ்சு நடைவழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டே இருந்தது. ஈரம் அறை வரைக்கும் வந்துவிட்டது.

“வெயில் வரட்டும், எல்லாம் காய்ந்துவிடும்” என்றது கணவன் முயல்.

“அதுவரை குட்டிகள் தாங்காது. தப்பு என்னுடையது, நானே சரி செய்கிறேன். நீங்கள் போய்க் கோரைப்புல் கொண்டு வாருங்கள்.”

பிரசவித்த உடம்பு என்றுகூடப் பார்க்கவில்லை அந்த முயல். ஊறிப்போன பஞ்சை இழுத்துக் கொண்டுபோய் வெளியே தள்ளியது. குட்டிகளுக்கு அடியில் கிடந்த நாரை உருவி வாசலில் கெட்டியாகப் பரப்பியது. கணவன் கொண்டுவந்த கோரையை உலுக்கி நடையில் விரித்தது.

அறைக்கு? இலவங்காய் வெடிக்க அடுத்த கோடை வர வேண்டும். முயல் குனிந்து தன் வயிற்று மயிரைப் பல்லால் கடித்துப் பிடுங்கியது. வலித்தது. வலிக்காமல் இருக்குமா? ஆனாலும் நிறுத்தவில்லை. அறை நிறையும் வரை பிடுங்கிப் பிடுங்கிப் போட்டது. குட்டிகள் அதற்குள் புதைந்துகொண்டு, முட்டி முட்டிப் பால் குடித்தன.

மழையோடு மழையாகக் குட்டிகளைப் பார்க்க மயில் வந்தது. வாசலைப் பார்த்ததும் முகம் சுளித்தது. “சீ, இந்த முரட்டு நாரிலா நான் கால் வைப்பது?”

“ஆமாம் மயிலக்கா. நன்றாகத் தேய்த்துத் துடைத்துவிட்டு வாருங்கள். இல்லையென்றால் குட்டிகளைப் பார்க்க முடியாது” என்றது முயல்.

மயில் கொஞ்ச நேரம் மழையில் நின்று பார்த்தது. பிறகு நாரில் காலைத் துடைத்துக்கொண்டது.

நீதி: நாலு பேர் மிதிக்கும் இடத்துக்கு உறுதியானதையும், நம்மவர் படுக்கும் இடத்துக்கு மென்மையானதையும் விரிக்க வேண்டும்; ஊர் மெச்சுவதற்காக மாற்றி விரித்தால் இரண்டும் கெடும்.