வலிக்காத பல்

பிடுங்கியது தப்பான பல்.

வலித்தது கீழ்த்தாடையில். போனது மேல்தாடையில். இரண்டும் இடது பக்கம். ஒற்றுமை அவ்வளவுதான்.

பறிகொடுத்தவர் நாச்சிமுத்து. நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, அமராவதிக் கரையில் இருக்கும் ஒரு சின்ன மடத்தில் வந்து சேர்ந்தவர். மடத்துச் சாமி அவரைவிட வயதில் இளையவர். அதனால் என்ன, குரு குருதான்.

மார்கழியில் மடத்தில் மௌன விரதம் உண்டு. மாதம் முழுக்கப் பேசக் கூடாது. எழுதிக் காட்டக் கூடாது. கையால் ஜாடை கூடாது. தலையை மட்டும் ஆட்டலாம். அந்த மாதம் பார்த்துத்தான் நாச்சிமுத்துவுக்குப் பல்வலி வந்தது.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டாக்டரிடம் போனார்.

"பல்லா?"

ஆட்டினார்.

டாக்டர் மேலே ஒரு பல்லில் குச்சியை வைத்தார். "வலிக்குதா?"

பாதி முகமே வலித்துக்கொண்டிருந்தது. ஆட்டினார்.

"எடுத்துடலாமா?"

ஆட்டினார்.

ஊசியின் மரப்பு இறங்கிய பிறகுதான் தெரிந்தது. வலி இருந்த இடத்திலேயே இருந்தது.

தை பிறந்து விரதம் முடிந்த காலையில் நாச்சிமுத்து பேசிய முதல் வார்த்தை, "ஐயோ."

மடத்தில் சமையல் பார்க்கும் சென்னியப்பனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"ஏப்பா, கீழன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன்னை மடத்தை விட்டுத் துரத்தியா இருப்பாங்க?"

"விரதம் கெட்டிருக்கும்."

"இப்ப விரதம் பத்திரமா இருக்குது. பல்லுதான் இல்ல. சோறு போடட்டுமா, கரைச்சு ஊத்தட்டுமா?"

"உனக்கென்ன. வலி எனக்கு."

சாமி ஓரமாக உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஒவ்வொரு பல்லாத் தட்டிப் பாத்தாரா?"

"யாருங்க சாமி?"

"டாக்டரு."

"இல்லீங்க. ஒரு பல்லைத்தான் தொட்டாருங்க. நான் தலையை ஆட்டிட்டனுங்க."

"ம்."

அந்த டாக்டரைப் பற்றிச் சாமி அதற்கு மேல் பேசவில்லை. அவரைக்காய் பாக்கி இருந்தது.

மறுநாள் நாச்சிமுத்து தானாகவே டவுனுக்குப் போனார். இந்த முறை பெரிய இடம். கண்ணாடிக் கதவு, ஏசி, வாசலில் 'முதல் பரிசோதனை இலவசம்' என்று பலகை. அவர் பல்லை அவருக்கே பெரிய திரையில் காட்டினார்கள். அந்த அளவுக்குப் பெரிதாக்கினால் யார் பல்லும் பயமாகத்தான் இருக்கும். நாலு பல்லுக்கு வேர் வைத்தியம், நாலுக்கும் மூடி, போன பல் இருந்த இடத்தில் எலும்பில் திருகி ஒரு புதுப் பல் என்றார்கள். தொகையைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பல்வலி மறந்துபோனது.

வெளியே வந்து தங்கை பாவாத்தாளுக்குப் போன் போட்டார். அவள் புருஷனை இழந்தவள். தையல் மிஷினை மிதித்துப் பிழைக்கிறாள்.

"வளையல் இருக்குதுங்கண்ணா," என்றாள். "வெள்ளிக்கிழமை கொண்டாறேன். வெச்சுப் பணம் வாங்கிக்கலாம்."

"வேண்டாம் புள்ள."

"பல்லு போனா வருமா? வளையல் திருப்பிக்கலாம்."

திருப்ப முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவளிடம் இருந்த பொன் அந்த ஒரு ஜோடிதான். புருஷன் போட்டது.

நாச்சிமுத்து மடத்துக்கு வந்ததும் நேராகச் சாமி முன்னால் போய் நின்றார்.

"ஒண்ணு கேக்கணுங்க சாமி."

"கேளுங்க."

"நம்பிக்கையா ஒரு பல் டாக்டரு வேணும். நம்ம கைக்கு அடங்கணும். எப்படிங்க கண்டுபிடிக்கிறது?"

சாமி திண்ணையைக் காட்டினார். நாச்சிமுத்து உட்காரவில்லை.

"நாலு பல்லுங்கறாங்க. நெசமா பொய்யான்னு எனக்கு எப்படித் தெரியும்? என் வாய்க்குள்ள நான் எட்டிப் பாக்க முடியுமுங்களா? தங்கச்சி வளையலைக் கழட்டறாங்க சாமி. நாலும் நெசம்னா சரி. பொய்யின்னா நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அவ முன்னால நிப்பேன்?"

"நாளைக்கு டவுனுக்குப் போலாம்," என்றார் சாமி.

"என் பல்லைக் காட்டவுங்களா?"

"என் பல்லைக் காட்ட."

நாச்சிமுத்து பதறிப்போனார். "சாமிக்கும் வலியா?"

"இல்ல."

சென்னியப்பன் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். "சாமி பல்லுக்கு என்னப்பா கேடு? தேங்காயைப் பல்லுல உரிக்கச் சொன்னாலும் உரிப்பாரு. பல் டாக்டரு வாசலை மிதிச்சதே இல்ல."

"அதான் போறோம்," என்றார் சாமி.

மறுநாள் போனார்கள். முதலில் கண்ணாடிக் கதவு. கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"பேரு?"

"சாமி."

"இனிஷியல்?"

"இல்ல."

"என்ன பிரச்சனைங்கய்யா?"

"பல்லைப் பாக்கணும்."

உள்ளே இளவயது டாக்டர் ஒருவர். நல்ல மரியாதை. சாமியைச் சாய்த்துப் படுக்க வைத்தார், திரையைத் திருப்பினார், பேனா முனையால் ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"ஆறு பல்லுல சொத்தை ஆரம்பிச்சிருக்குதுங்கய்யா. இப்பவே கவனிக்கலைன்னா வேருக்குப் போயிடும்."

"வலிக்கலையே."

"வலிக்காது. வலி வந்தா லேட்டுன்னு அர்த்தம். கெட்டியா எதையும் கடிச்சுடாதீங்க. பணத்தைப் பத்தி யோசிக்காதீங்க, மாசத் தவணையில கட்டலாம்."

"இன்னிக்கு எவ்வளவு?"

"இன்னிக்கு ஃப்ரீங்கய்யா."

வெளியே வந்ததும் நாச்சிமுத்துவின் கண் கலங்கியிருந்தது. "சாமிக்கு ஆறு பல்லு!"

"உங்களை விட ரெண்டு கூட," என்றார் சாமி.

பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் பொங்கல் முடிந்து விற்காத கரும்பு சாய்த்து வைத்திருந்தது. சாமி ஒரு துண்டு வாங்கினார். முன்பல்லால் தோலைக் கவ்வி நீளமாகக் கிழித்தார். கடைவாயில் கொடுத்து ஒடித்தார். சத்தம் நாலு கடை தள்ளிக் கேட்டது.

"சாமி! கெட்டியா எதையும் கடிக்க வேண்டாம்னாரே!"

"கேட்டேன்."

"பல்லு போயிடுமுங்க!"

சாமி மென்றார். துப்பினார். மறுபடி கடித்தார். துண்டு முழுதும் தீர்ந்த பிறகு குழாயில் வாய் கொப்பளித்தார்.

"அடுத்த டாக்டரு எங்க?"

அடுத்தவர் சந்தைத் தெருவில் இருந்தார். சின்ன அறை. மலிவு என்று ஊரெல்லாம் பேச்சு. செல்போன் வெளிச்சத்தைச் சாமியின் வாய்க்குள் அடித்துப் பார்த்தார். டீ ஆறுவதற்குள் பார்த்து முடித்துவிட்டார்.

"கடைவாயில ரெண்டு பல்லு வேலைக்காகாது. எடுத்துட்டா தொல்லை விட்டுது. இன்னிக்கே எடுத்தீங்கன்னா பாதிக் காசு."

நாச்சிமுத்து சாமியின் காதருகே குனிந்தார். "மலிவா இருக்குதுங்களே."

சாமி வாயை மூடிக்கொண்டு எழுந்தார்.

மூன்றாவது இடம் அரிசிக் கடைக்கு மேல் மாடி. இரும்புப் படி. வாசலில் இருந்த பெயர்ப் பலகையை நாச்சிமுத்து படிக்கவில்லை. அதற்குள் வலி காதுவரை ஏறியிருந்தது. பெஞ்சில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். வெகுநேரம் உட்கார வேண்டியிருந்தது.

கூப்பிட்டார்கள். உள்ளே நரை விழுந்த ஒரு டாக்டரம்மா. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார்.

"என்ன தொந்தரவு?"

"தொந்தரவு இல்ல. பாக்கணும்," என்றார் சாமி.

அந்த அம்மா பார்த்தார். ஒரு கம்பியின் பின்பக்கத்தால் ஒவ்வொரு பல்லாகத் தட்டினார். ஒவ்வொன்றுக்கும், "இது? இது?" என்று கேட்டார். குளிர்ந்த தண்ணீரைப் பீய்ச்சினார். ஈறை அழுத்தினார். நாச்சிமுத்து கொட்டாவி விட வாயைத் திறந்து, வலியில் பாதியில் மூடிக்கொண்டார்.

கடைசியில் அந்த அம்மா கையுறையைக் கழற்றினார்.

"ஒண்ணுமில்ல. கரும்பு நார் மாட்டியிருந்துச்சு, எடுத்துட்டேன். போலாம்."

நாச்சிமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. "நல்லாப் பாருங்கம்மா. ஆறு பல்லு சொத்தைன்னாங்க. கருப்பாத் தெரியுதே!"

"கறை. காப்பி நிறையக் குடிப்பாரா?"

"கருப்பட்டிக் காப்பிங்க. ஒரு நாளைக்கு அஞ்சாறு."

"அதான்." அந்த அம்மா சாமி பக்கம் திரும்பினார். "வலி இல்ல, கூச்சம் இல்ல. இவ்வளவு நேரம் காத்திருந்து எதுக்கு வந்தீங்க?"

"பாத்துட்டுப் போக."

"பல்லையா, என்னையா?"

சாமி சிரித்தார்.

வெளியே பார்வைக் கட்டணம் கேட்டார்கள். சாமி கொடுத்தார். நாச்சிமுத்து இரும்புப் படியில் பாதி இறங்கும் வரை அடக்கிக்கொண்டார். அதற்கு மேல் முடியவில்லை.

"இது அநியாயமுங்க சாமி."

"எது?"

"ஒண்ணுமில்லைன்னு சொல்றதுக்குக் காசா? அந்தக் கண்ணாடிக் கதவுக்காரரு ஓசியில பாத்தாரு. ஆறு பல்லைக் கண்டுபிடிச்சாரு. சந்தைத் தெருக்காரரு ரெண்டு பல்லாச்சும் கண்டுபிடிச்சாரு. இந்தம்மா ஒண்ணையும் கண்டுபிடிக்கலை. கண்டுபிடிக்காததுக்குக் காசு வாங்கறாங்க!"

"கண்டுபிடிக்க அங்க என்ன இருந்துச்சு?"

நாச்சிமுத்து வாயைத் திறந்தார். வலி சுண்டி இழுத்தது. ஒரு கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு படியிலேயே நின்றார்.

"ஏறுங்க," என்றார் சாமி.

"மறுபடியுமுங்களா?"

"இப்ப உங்க பல்லு."

அந்த அம்மா நாச்சிமுத்துவின் வாயைப் பார்த்ததும் முதலில் கேட்டது மேல்தாடைப் பள்ளத்தைப் பற்றி.

"இதை ஏன் எடுத்தாங்க? ரெண்டு பக்கமும் பல்லு நல்லா இருக்குதே."

நாச்சிமுத்து சொன்னார். மார்கழி, மௌனம், தலையாட்டல் எல்லாம்.

"கீழ்ப்பல்லு வலி மேலயும் தெறிக்கும். நோயாளிக்கே இடம் தெரியாது. வாயைத் திறந்து சொன்னாக்கூடத் தடுமாறும். நீங்க தலையை மட்டும் ஆட்டினீங்களாக்கும்?"

"விரதமுங்க."

"என் நாற்காலில அதெல்லாம் நடக்காது. வலிச்சாக் கத்தணும். தெரியுதா?"

தட்டிக்கொண்டே வந்தார். மேலே ஒவ்வொன்றாக. ஒன்றுமில்லை. கீழே முதல், இரண்டாவது, மூன்றாவது. நாலாவதில் நாச்சிமுத்து போட்ட சத்தத்தில் கீழே அரிசிக் கடைக்காரர் அண்ணாந்து பார்த்தாராம்.

"இதுதான்."

"மத்த மூணுங்கம்மா?"

"எந்த மூணு?"

"நாலுக்கு வேர் வைத்தியம்னாங்க."

"ஒண்ணுக்குத்தான். படம் எடுத்துப் பாத்துட்டுச் சொல்றேன்." எடுத்தார், பார்த்தார். "ஒண்ணேதான். பிடுங்க வேண்டாம், காப்பாத்திடலாம். ரெண்டு மூணு தடவை வரணும்."

"போன இடத்துக்குப் புதுப் பல்லுங்க?"

"அது இல்லாம மெல்ல முடியுதா?"

"முடியுமுங்க. வலிதான் விடமாட்டேங்குது."

"அப்ப இப்போதைக்கு வேண்டாம். பின்னால தேவைப்பட்டாப் பாத்துக்கலாம்."

கேட்ட தொகை மில் பென்ஷனுக்குள் அடங்கியது. அந்த மாதம் வேறு செலவு வைத்துக்கொள்ள முடியாது. மடத்தில் இருப்பவருக்கு வேறு என்ன செலவு. அன்றைக்கே முதல் வேலையை முடித்தார் அந்த அம்மா. இரவு நாச்சிமுத்து குறட்டை விட்டார். தூக்கம் போய்விட்டது என்று சென்னியப்பன் புலம்பினார்.

வெள்ளிக்கிழமை பாவாத்தாள் வந்தாள். வளையல் இரண்டும் முந்தானையில் முடிச்சாக இருந்தன. அண்ணன் வலது பக்கமாகக் கம்பஞ்சோறு மென்றுகொண்டிருந்தார்.

"வலி?"

"போச்சு."

"பணம்?"

"கட்டிட்டேன்."

"எதுல இருந்து?"

"பென்ஷன்ல இருந்துதான்."

அவள் நம்பவில்லை. "அத்தனை பணம் பென்ஷன்ல எப்படி வரும்? வளையலை வாங்கக் கூடாதுன்னு வலியை மறைக்கறீங்க. வாயைத் திறங்க."

"அட, சோறு திங்கறேன் புள்ள."

"திறங்கண்ணா."

திறந்தார். அவளுக்கு என்ன தெரியும். பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள். முந்தானை முடிச்சை அவிழ்க்கப் போனாள். சென்னியப்பன் அடுப்படியில் இருந்து, "வெச்சுக்க அம்மிணி, இங்க யாருக்கும் கைக்குப் பத்தாது," என்றார். அவள் காதில் வாங்கவில்லை. நேராகச் சாமியிடம் போனாள். சாமி கிணற்றடியில் காப்பிப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"சாமி, நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. நாலு பல்லுன்னாங்களே, அது என்னாச்சு? எங்கண்ணனைச் சரி பண்ணுனது யாரு? பேரைச் சொல்லுங்க, நானே போய்க் கேட்டுக்கறேன்."

சாமி பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"என் பல்லுல ஒண்ணுமில்லைன்னு சொன்னவங்க. அரிசிக் கடை மாடியில, டாக்டர் மெஹராஜ் பானு."