இரு பக்கமும் ஒட்டிய குழாய்

தூத்துக்குடியில், துறைமுகம் போகும் ரோட்டில் தூண்டில் சாமான் கடை வைத்திருந்தாள் கிளாடிஸ். ஞாயிற்றுக்கிழமை காலையில், கடலுக்குள் நீண்டு கிடக்கும் கல் அணையில் நின்று ஐந்தாறு பேருக்குத் தூண்டில் போடச் சொல்லிக்கொடுப்பாள். அவளுக்கு வயது முப்பத்தைந்துகூட ஆகவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் அவள் டீச்சர்தான்.

கற்றுக்கொண்டவர்களில் எல்லோருக்கும் மூத்தவள் இஞ்ஞாசியம்மாள். புருஷன் இறந்த பிறகு, அவருடைய தூண்டில் கம்பை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தவள். தூண்டில் நரம்பை வீசும் முன்பே அது அறுந்துவிடுமா என்று கேட்பாள். மீன் கடித்தால் முள் கழன்றுவிடுமா என்று கேட்பாள். மீன் கூடைக்குள் வந்த பிறகும், துள்ளி வெளியே போய்விடுமா என்று கேட்பாள்.

அவளுடைய ஒரே மகன் தொபியாஸ் அந்தமானில் படகு வேலை பார்த்தான். அங்கேயே ஒரு வங்காளத்துப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். கல்யாணத்துக்கு இஞ்ஞாசியம்மாள் போகவில்லை. விமானத்தில் ஏறப் பயமாக இருக்கிறது என்றாள். பெண் பிடிக்காமல்தான் வரவில்லை என்று அவன் எடுத்துக்கொண்டான். அப்பாவின் அடக்கத்துக்கு வந்தபோதுகூட அவளிடம் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனான்.

இப்போது, படகில் கயிறு சுற்றும் இயந்திரத்தில் அவனுடைய வலது கை மாட்டிக்கொண்டது. பெரிய கட்டுப் போட்டு வீட்டில் இருக்கிறான். அங்கிருந்து போன் செய்தான்.

"அப்பா கம்பு வேணும். நீயே கொண்டு வா."

அவ்வளவுதான். வைத்துவிட்டான். டிக்கெட் மட்டும் போனுக்கு வந்து சேர்ந்தது.

இஞ்ஞாசியம்மாள் கடைக்கு ஓடி வந்தாள்.

"டீச்சர், தூண்டில் சாமான ப்ளேன்ல எப்படிக் கட்டிக் கொண்டுபோறது?"

"உக்காருங்கக்கா. தண்ணி குடிங்க."

"தண்ணி இருக்கட்டும். முள்ளு எல்லாம் இருக்கே. செக்கிங்ல பிடிச்சா?"

"கையில வச்சிருக்கிற பையில போட்டாத்தான் பிடிப்பாங்க. கீழ போடுற பெட்டியில போடுங்க."

கிளாடிஸ் தேய்ந்துபோன ஒரு ரப்பர் செருப்பை எடுத்தாள். அதிலிருந்து உள்ளங்கையளவு துண்டு வெட்டினாள். முட்களை ஒவ்வொன்றாக அதில் குத்தினாள். மேலே இன்னொரு துண்டை வைத்து டேப் சுற்றினாள்.

"பெட்டியத் திறந்து பாக்கிற ஆளு கையில குத்திட்டா?"

"அதுக்குத்தான் இந்தச் செருப்பு."

"செருப்பையும் தாண்டிக் குத்திட்டா?"

"மீனே மாட்டாத முள்ளு அது, அக்கா. ஆபீசரா மாட்டப்போறாரு?"

இஞ்ஞாசியம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"கம்பு?"

"ரெண்டாக் கழட்டித் துணி சுத்துங்க. பிவிசி குழாயில போட்டு ரெண்டு பக்கமும் மூடி போடுங்க. அதையும் பெட்டிகூடவே போட்டுரலாம்."

"ஏர்போர்ட்ல தூக்கி எறிவாங்களாமே டீச்சர். டெலிபோன் ஆபீஸ் சூசை சொன்னாரு. அவரு டிவி ஒடஞ்சே வந்துச்சாம்."

"குழாய் ஒடையாதுக்கா."

"ஒருவேளை ஒடஞ்சா?"

கிளாடிஸ் தராசை எடுத்தாள். அடுத்து வந்தவருக்கு ஈயக்குண்டு நிறுத்துக் கொடுத்தாள்.

அந்தமானுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் இஞ்ஞாசியம்மாள் மறுபடியும் வந்தாள். தோளில் வெள்ளைக் குழாய் ஒன்று கயிற்றில் தொங்கியது. முகத்தில் கொஞ்சம் தெளிவு இருந்தது.

"ஆட்டிப் பாருங்க டீச்சர்."

கிளாடிஸ் குழாயை வாங்கிக் காதருகே ஆட்டினாள். சத்தமே இல்லை.

"நல்லாக் கட்டியிருக்கீங்க."

"மொதல்ல அவர் வேட்டி. அதுக்கு மேல என் பழைய சேலை. அதுக்கு மேல பஞ்சு."

கிளாடிஸ் ஒரு பக்கத்து மூடியைப் பிடித்துத் திருகினாள். அசையவில்லை. மறுபக்கம் திருகினாள். அதுவும் அசையவில்லை.

"என்னக்கா செஞ்சீங்க?"

"தண்ணிக் குழாய் ஒட்டுறதுக்கு சொல்யூஷன் இருக்குல்லா, அதப் போட்டு ஒட்டிட்டேன். ரெண்டு பக்கமும். இனி யாரு நெனச்சாலும் தொறக்க முடியாது."

கிளாடிஸ் குழாயை மேசைமேல் வைத்தாள்.

"செக்கிங்ல தொறந்து காட்டச் சொன்னா?"

இஞ்ஞாசியம்மாளின் வாய் லேசாகத் திறந்தது.

"சரி, அவங்க விட்டுட்டாங்கன்னே வைங்க. உங்க மகன் எப்படித் தொறப்பான்?"

இஞ்ஞாசியம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். சேலை முனையை எடுத்து விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடியும் சுற்றினாள்.

"எனக்கு இது தோணவே இல்ல டீச்சர். நான் எதுக்குமே லாயக்கில்ல. இதப் பார்சல்ல போட்டுருதேன். நான் போகல."

"அவன் யாரக் கொண்டுவரச் சொன்னான்?"

"என்னத்தான். ஆனா கம்புதான அவனுக்கு வேணும்?"

"அப்படியா சொன்னான்?"

இஞ்ஞாசியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். 

"கல்யாணத்துக்கும் இப்படித்தான் டீச்சர். பெட்டி கட்டினேன். பிரிச்சேன். கட்டினேன். அந்தப் பிள்ளைக்கு எடுத்த சேலையக்கூட மேலதான் வச்சிருந்தேன். காலையில கால் எழும்பலை."

கிளாடிஸ் உள்ளே போய் ஒரு ரம்பத்தோடு வந்தாள். இரும்பு அறுக்கும் சின்ன ரம்பம். அதை இஞ்ஞாசியம்மாளின் மடியில் வைத்தாள்.

"அறுங்க."

"ஐயோ, உள்ள கம்பு இருக்கே!"

"ஆமா."

"பட்டுட்டா? அவர் கம்பு டீச்சர். நீங்களே அறுத்துக் குடுங்க."

"ஒட்டினது நீங்க. கம்பு முனை எந்தப் பக்கம், பஞ்சு எதுவரைக்கும் இருக்குன்னு உங்களுக்குத்தான் தெரியும்."

இஞ்ஞாசியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். குழாயை முழங்கால்களுக்கு நடுவே பிடித்தாள். மூடியை ஒட்டி ரம்பத்தை வைத்தாள். ஒரு இழுப்பு இழுத்துவிட்டு நிறுத்தினாள். இன்னொரு இழுப்பு. வெள்ளைத் தூள் சேலையில் உதிர்ந்தது. குழாயைக் கொஞ்சம் உருட்டினாள். மறுபடியும் இழுத்தாள். வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அறுபடும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூடி தனியாக விழுந்து தரையில் உருண்டது. உள்ளே பஞ்சு தெரிந்தது. விரலை விட்டுப் பஞ்சை எடுத்தாள். சேலையை உருவினாள். வேட்டியைப் பிரித்தாள். கம்பின் இரண்டு துண்டுகளையும் முனையிலிருந்து அடிவரை தடவிப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை.

"படலை" என்றாள். தனக்கே சொல்லிக்கொண்டதுபோல இருந்தது.

கிளாடிஸ் தன் கடையிலிருந்து வேறொரு குழாயைக் கொடுத்தாள். அதில் ஒரு பக்கம் திருகு மூடி. இஞ்ஞாசியம்மாள் மறுபடியும் வேட்டியைச் சுற்றினாள், சேலையைச் சுற்றினாள், கம்பை உள்ளே இறக்கினாள், மேலே பஞ்சு வைத்தாள். மூடியைப் போட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கித் திருகினாள்.

பிறகு போகாமல் நின்றாள்.

"டீச்சர்."

"சொல்லுங்கக்கா."

"அவன் கல்யாணப் பேச்ச எடுத்தா நான் என்ன சொல்லுறது? பயமாப் போச்சுன்னு சொன்னா இப்பவும் நம்பமாட்டான். ராத்திரி பூரா யோசிச்சேன். அவன் இப்படிக் கேட்டா அப்படிச் சொல்லணும்னு பத்துப் பதிலு வச்சிருக்கேன். ஒண்ணும் சரியா வரமாட்டேங்குது."

"அவனுக்கு எந்தக் கையில கட்டு?"

"வலது கை."

"உங்க வலது கையப் பின்னால கட்டிக்கோங்க. இப்போ குழாயத் தொறங்க."

இஞ்ஞாசியம்மாள் குழாயை முழங்காலில் இடுக்கி, இடது கையால் மூடியைத் திருகினாள். கை வழுக்கியது. சேலையால் துடைத்துக்கொண்டு மறுபடியும் திருகினாள். முகம் சிவந்தது.

"வரலை டீச்சர்."

கிளாடிஸ் மூடியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தாள்.

"மறுபடியும் மூடுங்க."

இந்தத் தடவை இஞ்ஞாசியம்மாள் மெதுவாக மூடினாள். பாதியில் நிறுத்தினாள். இடது கையால் திருகிப் பார்த்தாள். வரவில்லை. வலது கையால் இன்னும் கொஞ்சம் தளர்த்தினாள். இடது கையால் திருகினாள். மூடி கையோடு வந்தது.

அவள் அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய கவலை முகத்துக்குத் திரும்பி வந்தது.

"இவ்வளவு லேசா மூடிக் கொண்டுபோனா, வழியில யாரு வேணும்னாலும் தொறந்துருவாங்களே, டீச்சர்?"

"ஆமாக்கா" என்றாள் கிளாடிஸ். "உங்க மகனும் தொறப்பான்."