அக்கரை போக முடியாத தூதர்

ஆற்றுக்கு அக்கரையில் பேரரசு. இக்கரையில் கைக்குட்டை அகலத்தில் ஒரு நாடு. தன் உப்பை யாருக்கு விற்பது என்று தானே முடிவு செய்ததுதான் சின்ன நாடு செய்த குற்றம். தண்டிக்க வந்திறங்கினார் பேரரசின் தூதர் விருதராயர். பெரிய தலைப்பாகையோடு சந்தை நடுவே நின்று முழங்கினார்: "இனி ஆளோ சரக்கோ ஆற்றைக் கடக்கக் கூடாது! கடத்துகிறவன் கையை வெட்டுவோம்!"

முழங்கிய களைப்போடு துறைக்கு வந்து ஓடத்தில் கால் வைத்தார். ஓடக்காரன் மாசானம் துடுப்பைத் தூக்கித் தோளில் சாத்திக்கொண்டான்.

"என் கை எனக்கு வேணும் சாமி."

"அடேய், தடை உங்களுக்கு! எனக்கில்லை!"

"ஆளும் கூடாது, சரக்கும் கூடாதுன்னீங்க. நீங்க ரெண்டும் இல்லேன்னா சொல்லுங்க, ஏத்திக்கிறேன்."

தூதர் பல்லைக் கடித்தார். "எனக்கு மட்டும் விலக்கு!"

"அதை உங்க ராஜால்ல சொல்லணும்? அக்கரை போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுங்க, உடனே கொண்டுபோய் விடுறேன். இல்லேன்னா, கூவின வாயாலேயே தடை மொத்தமும் நீங்கிடுச்சுன்னு சந்தையில கூவிடுங்க."

பொழுது சாயும்வரை தூதர் துறையிலேயே நின்று பார்த்தார். பிறகு சந்தைக்குப் போய் மறுபடி கூவினார்.

அன்று கடைசி ஓடத்தில் உப்பு மூட்டைகள் அக்கரை போயின. நடுவே ஒரு மூட்டை மட்டும் தலைப்பாகை கட்டியிருந்தது.