வார்னிஷில் ஒரு கட்டைவிரல்

"மேஸ்திரியம்மா, யாரோ மறுபடியும் தொட்டிருக்காங்க."

பிலோமினா பட்டறை அடுப்பில் தேநீர் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"எதை சார்?"

"என் பலகையை."

சங்கரபாண்டியன் போலீஸ் கைரேகைப் பிரிவில் முப்பத்தோரு ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவர். பழைய கார்களின் உள்ளே இருக்கும் மரவேலையைப் புதுப்பிக்கக் கற்றே தீருவது என்று குன்னூருக்கு வந்து, தன் மகள் வயதுடையவளிடம் சீடராகச் சேர்ந்து எட்டு மாதமாகிறது. குருதட்சிணையாக அவள் கேட்டது ஒன்றுதான்: பழைய வழக்குகளைப் பற்றிப் பட்டறையில் பேசக் கூடாது.

அதை அவர் இன்னும் கொடுத்து முடிக்கவில்லை.

சன்னலோரம் டேஷ்போர்டுப் பலகை கிடந்தது. டாக்டர் போஜனின் அறுபது வருஷக் காரிலிருந்து கழற்றியது. வால்நட் மரம், புகை சுருண்டு உறைந்ததுபோல் ஓட்டங்கள். மேலே பூசிய வார்னிஷ் காய்வதற்குள், நட்டநடுவில் ஒரு விரல் பதிந்திருந்தது.

மூன்றாவது தடவை.

"தேய்ச்சு எடுத்துட்டுத் திரும்ப அடிச்சுடலாம்" என்றார்.

அவள் வந்து பலகையின் விளிம்பைக் காட்டினாள். அது முழு மரமல்ல. ஒட்டுப்பலகையின் மேல் சீவி ஒட்டிய மரத்தோல். கல்யாணப் பத்திரிகையின் கனம்கூட இல்லை.

"தேய்க்கும்போதெல்லாம் வார்னிஷோட கொஞ்சம் மரமும் போகுது. இன்னும் ஒரு தடவை தாங்கும். அதுக்கு மேல போனா அடியில இருக்கறது பல்லைக் காட்டும்."

"வேற தோல் ஒட்டினா?"

"இதுவும் நாலு கதவுப் பலகையும் ஒரே மரத்துல உரிச்சது. அந்த மரம் இப்ப எங்க சார் இருக்கு?"

சங்கரபாண்டியன் பலகையின் மேல் குனிந்தார்.

"அப்ப தொட்டது யாருன்னு தெரிஞ்சே ஆகணும்."

"கண்டுபிடிங்க. உங்க தொழில்தானே."

பூதக்கண்ணாடியை எடுத்தபோது அவருக்குப் பத்து வயது குறைந்திருந்தது.

வெள்ளிக்கிழமை டாக்டர் போஜன் தன் காரைப் பார்க்க வந்தார். வழக்கம்போல் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டுப் போனார். அவர் வைத்துவிட்டுப் போன தம்ளரில் சங்கரபாண்டியன் கரித்தூளைத் தூவினார்.

"டாக்டர் இல்லை. அவர் ரேகை வளையம். பலகையில இருக்கறது சுழி."

பிலோமினா தானாகவே கையை நீட்டினாள்.

"உங்களுக்கும் சுழிதான். ஆனா குறுக்கே உளி வெட்டின தழும்பு இருக்கு. பலகையில அது இல்லை." அவர் நெற்றியைத் தேய்த்தார். "இங்க வேற யார் வர்றா?"

"யாரும் வர்றதில்லை."

"பின்ன?"

அவள் ரப்பர் ஸ்டாம்பு மைப்பெட்டியை அவர் பக்கம் தள்ளினாள்.

"இன்னும் ஒருத்தர் பாக்கி சார்."

கைரேகை நிபுணர்கள் தம் ரேகையை மனப்பாடம் செய்துவைத்திருப்பதில்லை. சங்கரபாண்டியன் கட்டைவிரலை மையில் ஒற்றித் தாளில் வைத்தார். பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். கோர்ட்டுக்காகப் பன்னிரண்டு பொருத்தங்கள் எண்ணுவது அவர் வழக்கம். இதில் ஐந்தோடு நிறுத்திக்கொண்டார்.

"காய்ஞ்சிருச்சான்னு பார்த்திருப்பேன்" என்றார் மெதுவாக. "ஆனா சத்தியமா ஞாபகம் இல்லைம்மா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க, அந்த நகைக்கடை கேசுல."

அவர் மேல்சட்டையை எடுத்து மாட்டினார்.

"நான் கிளம்பறேன், மேஸ்திரியம்மா. இனி இந்தப் பலகை என் கையில தப்பாது."

"உப்புத்தாளை எடுத்துட்டு வாங்க."

"நானா?"

"விரல் உங்களுதுதானே?"

சங்கரபாண்டியன் மூச்சை அடக்கிக்கொண்டு தேய்த்தார். தடம் போயிற்று. மரம் மிச்சமிருந்தது. அவரே வார்னிஷ் பூசினார். டப்பாவை மூடும் முன் பிலோமினா அதே தூரிகையால் ஒரு கழிவு மரத்துண்டிலும் ஒரு பூச்சு இழுத்து, அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். முந்தைய பூச்சுகளின்போது அப்படி வைத்த துண்டுகளை அடுப்பில் போடப் போய் அவர் இரண்டு முறை திட்டு வாங்கியிருக்கிறார்.

கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

குன்னூரில் மூடுபனி இறங்கியது. மூடுபனியில் துவைத்த துணியே காயாது. வார்னிஷைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. முதல் நாள் அவர் பலகையைச் சுற்றி நடந்தார். இரண்டாம் நாள் கைகளின் மேலேயே உட்கார்ந்தார். பலகை ஒரு பொட்டுத் தடமின்றி மினுங்கிக்கொண்டிருந்தது. காய்ந்து மினுங்கியதா, ஈரத்தில் மினுங்கியதா என்று கண்ணுக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலை அவரால் முடியவில்லை.

"உங்களுக்குக் கை அரிக்கவே அரிக்காதா மேஸ்திரியம்மா? எப்படிப் பொறுத்துக்கறீங்க?"

பிலோமினா எட்டி அந்தக் கழிவுத் துண்டை எடுத்து நீட்டினாள்.

அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து கைகளை எடுத்து அதை வாங்கிக்கொண்டார். வெளிச்சத்தில் சாய்த்தார். பூதக்கண்ணாடியை வைத்தார்.

துண்டு முழுக்கக் கட்டைவிரல்கள். ஒன்றின்மேல் ஒன்று, ஓரத்தில், மூலையில், தலைகீழாக. எல்லாம் சுழி. எல்லாவற்றின் குறுக்கேயும் ஒரு தழும்பு.

பொறுமையாக எண்ணினார்.

"பதினாலு" என்றார்.

"பதினஞ்சு சார்" என்றாள் பிலோமினா. "இன்னைக்குக் காலையில அழுத்தினது பதியலை."