பாரத்துக்குக் கொஞ்சம் பெட்ரோல்

கொம்பையா ஆட்டோவைத் தள்ளிக்கொண்டே எங்கள் ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்தான். கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போன அவன் பெண்டாட்டி பேச்சித்தாய் அன்றைக்குப் பகல் ரயிலில் வருகிறாள். ஸ்டேஷனில் ஆட்டோவோடு அவன் நிற்காவிட்டால் அடுத்த ரயிலிலேயே திரும்பிவிடுவேன் என்று போனில் சொல்லிவிட்டாளாம்.

"மாப்ள, ஒரு பாட்டில் பெட்ரோல் ஊத்து" என்றான் என்னிடம்.

"போன வாரந்தான ஒன் வண்டி தண்ணியில ஓடுதுன்ன?" என்றார் எங்கள் ஸ்டாண்டில் மூத்த டிரைவரான இசக்கியப்பன். "ஓட்டுறவன் தண்ணியில ஓட்டித்தாம்ல நான் பாத்திருக்கேன்."

அவ்வளவுதான், வந்த வேலையை மறந்துவிட்டான். புளுக ஆரம்பித்தால் அவனுக்குப் பசிகூடத் தெரியாது.

"இப்பவும் தண்ணிதான் அண்ணாச்சி. கண்ணாடி ஜாடியில தண்ணி, அதுக்குள்ள மருந்து தடவுன தகடு. வெயில் பட்டதும் தண்ணி பிரிஞ்சு ஹைட்ரஜன் கொப்புளங் கொப்புளமா கெளம்பும். அதுலதான் எஞ்சின் ஓடுது."

"வெயில் இல்லாட்டி?" என்றேன்.

"எந்த வெளிச்சமும் போதும். ஒரு நாள் மின்மினிப் பூச்சிய ஜாடி மேல உக்கார வச்சே தென்காசி போயிட்டு வந்தேன்."

"பூச்சி தூங்கிட்டா?"

"தூங்கத்தான் செஞ்சுது. தட்டி எழுப்புனேன். இறக்கத்துல மட்டும் தூங்க விட்டேன், பாவம். இன்னொண்ணு கேளு. பொகையே கெடையாது, சைலன்சர்ல சுத்தமான தண்ணிதான் கொட்டும். எங்க தெருப் பொம்பளையெல்லாம் கொடத்த வரிசையா வச்சுட்டு என் வண்டிக்குத்தான் காத்துக் கெடக்காவ. தண்ணி லாரிக்காரன் என்னக் கண்டா மொறைக்கான்."

"அப்பம் பெட்ரோல் எதுக்குல?" என்றார் இசக்கியப்பன்.

கொம்பையா ஒரு நொடிதான் திணறினான். "அங்கதான் அண்ணாச்சி சங்கதியே. ஹைட்ரஜன் பலூன்ல அடைக்கிற வாயுல்லா? நேத்து கொஞ்சம் கூடிப்போச்சு. மூணு சக்கரமும் தரையில படாம வண்டி மேல போயிட்டு. கோபுரக் கலசத்தப் புடிச்சுத்தான் நிறுத்துனேன். ஷேர் ஆட்டோன்னு நெனச்சு புறாவெல்லாம் ஏறி உக்காந்துட்டு, எறங்க மாட்டேங்குது. இன்னைக்கு அவள ஏத்திட்டு வரும்போது அப்படிப் போச்சுன்னா, நேரா அம்மா வீட்டு மாடியிலதான எறங்குவா? டாங்குல கொஞ்சம் பெட்ரோல் கெடந்தா வண்டி தரையில நிக்கும். பாரத்துக்குத்தான் கேக்கேன்."

ஸ்டேஷன் பக்கம் ரயில் ஊதியது. அவன் முகம் செத்துப்போனது. எனக்குப் பாவமாக இருந்தது, பாட்டிலை எடுக்கக் குனிந்தேன்.

இசக்கியப்பன் என் கையைத் தட்டிவிட்டார். நூறு கிலோவுக்குக் குறையாத உடம்பைத் தூக்கிக்கொண்டு போய்க் கொம்பையாவின் பின்சீட்டில் உட்கார்ந்தார். ஆட்டோ ஒரு சாண் கீழே இறங்கியது.

"பாரத்துக்குத்தான? நான் வாரேன். எடுல வண்டிய."