கொப்பரையில் திரண்டது

தாண்டவராயன் பாதி ஆயுளைப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்திக் கழித்தவர். மனைவி போன பிறகு மலையடிவாரத்து மடத்துக்கு வந்து சேர்ந்தார். மடத்தின் குரு சேந்தன் அடிகள் அவரைவிட வயதில் இளையவர்.

என்ன வேண்டும் என்று குரு கேட்டபோது தாண்டவராயனுக்குத் தமிழில் சொல் அகப்படவில்லை.

"ரிஃபைன் ஆக வேண்டும் சாமி" என்றார்.

குருவுக்கு ஆங்கிலம் தெரியாது. அப்படியென்றால் என்ன என்று கேட்டார். சர்க்கரையைச் சொன்னால் அழுக்கை நீக்குவது, பேச்சையோ நடத்தையையோ சொன்னால் இன்னும் நயமாக்குவது என்று வகுப்பில் விளக்குவதைப் போலவே தாண்டவராயன் விளக்கினார். தனக்கு வேண்டியது இரண்டாவது என்றார்.

"உட்காருங்கள்" என்றார் குரு.

தினமும் தியானத்தில் உட்கார்ந்தார். முதலில் அமைதியாகத்தான் இருந்தது. மழைக்காலம் முடிகிற சமயத்தில் வேறொன்று வந்தது. கண்ணை மூடினால், பக்கத்துப் பாயில் படுக்கும் மாசிலாமணியின் கழுத்தைத் தன் கைகள் நெரிப்பது தெரிந்தது. மாசிலாமணி ஒரு கெடுதலும் செய்தவரில்லை. குறட்டை விடுவார், அவ்வளவுதான். தாண்டவராயன் தூங்கவே பயந்தார். கைகளை முதுகுக்கு அடியில் வைத்துக்கொண்டு விழித்துக் கிடந்தார்.

ஒரு நாள் காலை மூட்டையோடு வந்து நின்றார். குரு கொல்லையில் பெரிய கொப்பரையில் கருப்பஞ்சாறு காய்ச்சிக்கொண்டிருந்தார்.

"நான் போகிறேன் சாமி. இருந்தால் என் கையால் ஓர் உயிர் போகும்."

நடந்ததையெல்லாம் சொன்னார். குரு கொப்பரையைக் காட்டினார். கொதி ஏற ஏறக் கறுப்பாக அழுக்கு நுரை திரண்டு வந்தது.

"இதை யார் போட்டது?"

"யாரும் போடவில்லை. சாற்றிலேயே இருந்ததுதான்."

குரு விறகை வெளியே இழுத்தார். கொதி அடங்கியது. நுரை கொஞ்சங்கொஞ்சமாக உள்ளே அமிழ்ந்தது. ஒரு குவளையில் மொண்டு நீட்டினார்.

"அடங்கிவிட்டது. ஆறியதும் குடியுங்கள்."

தாண்டவராயன் வாங்கவில்லை. அழுக்கு உள்ளேயேதான் இருந்தது. மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து விறகைத் திரும்ப அடுப்புக்குள் தள்ளினார்.

"எல்லாம் வெளியே வந்து தீர்வதற்குள், இந்தக் கை எதையாவது செய்துவிட்டால்?"

குரு எழுந்து உள்ளே போனார். மாசிலாமணியின் பாயைச் சுருட்டி வேறு அறையில் வைத்தார். அந்த இடத்தில் தன் பாயை விரித்தார். பின்னாலேயே வந்து வாசலில் நின்ற தாண்டவராயனைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் தூங்கினால், கழுத்தில் கை வைத்தாலும் எனக்குத் தெரியாது" என்றார்.